எண்ணூர் லாரிகள்: அடையாளமும் வரலாறும்

திருவொற்றியூர்த் தியாகராசர் திருக்கோயிலின் சுவர்களில் பல்லவர் காலத்தனவும் சோழர் காலத்தனவுமாகிய கல்வெட்டுகள் பல உள்ளன. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றித் தூரிகையால் தட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் பதிந்தபின் மை தடவிப் படியெடுப்பது கல்வெட்டாய்வாளர் முறை. அக்கோயிலுக்குத் தெற்கே, தண்டையார்பேட்டையில், ஏறத்தாழ இதே வேலையை வேறொரு கூட்டத்தார் நெடுங்காலமாகச் செய்து வந்தனர். லாரியின் முன்சக்கரத்தருகே சேஸிஸ் சட்டத்தில் வெட்டப்பட்டிருக்கும் எண்ணை எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார்கள். கருமைக்கு நடுவே எண் வெள்ளையாக எழும். உரிமையாளர் பெயரை மாற்றவும் பிற பதிவு வேலைகளுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கேட்ட படி அது. கல்லின் படி வரலாற்று ஆவணமாயிற்று. இரும்பின் படி கோப்பில் கட்டப்பட்டுக் கிடந்தது.

பழைய லாரிகளை அடையாளம் காண்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் அந்த இரண்டாவது படியையும் ஆவணமாகக் கருதுகின்றனர். சாலையோரத்தில் நிற்கும் ஒரு பழைய வண்டி, ஒரு மங்கிய நிழற்படம், ஒரு பழைய திரைப்படத்தின் சில நொடிக் காட்சி, இவற்றுள் எது கிடைத்தாலும் ‘இது யார் செய்த வண்டி, எந்த ஆண்டு, எந்த எஞ்சின்?’ என்று கேட்பதே இவர்களுடைய ஈடுபாடு. பழைய கார்களைச் சேர்ப்போர் செல்வர். அவர்களுக்குச் சங்கங்களும் அணிவகுப்புகளும் உண்டு. லாரியைத் தேடுவோருக்குப் பெரும்பாலும் ஒரு குறிப்பேடும் நிழற்படக் கருவியுமே உடைமை. அவர்களுக்கு ஆசிரியர்களாக வாய்த்தவர்கள் ஓய்வு பெற்ற ஓட்டுநர்கள், பட்டறை மேஸ்திரிகள், காயலான் கடைக்காரர்கள். காயல்பட்டினத்து வணிகரை ஒட்டி எழுந்த பெயர் என்று சொல்லப்படும் ‘காயலான் கடை’, இத்துறையில் ஒருவகைச் சுவடிச்சாலை. சுவடிகளை உருக்கி விற்கும் சுவடிச்சாலை என்பதே வேறுபாடு. ‘சரக்குந்து’ என்று தூய தமிழிற் சொல்லலாம். எனினும் ராயபுரத்திலும் எண்ணூரிலும் வழங்கும் சொல் லாரிதான். அச்சொல்லே இக்கட்டுரையிலும் வருகிறது.

லாரியை இனங்காண்பது காரை இனங்காண்பதினும் கடினம். கார் ஆலையிலிருந்து முழு உருவோடு வருகிறது. அக்கால லாரி அவ்வாறு வரவில்லை. ஆலை கொடுத்தது சட்டம், எஞ்சின், சக்கரங்கள், முகப்புத் தகடு ஆகியவை மட்டும். ஓட்டுநருக்கு மேலே கூரை கிடையாது. பின்னே சுவர் கிடையாது. எண்ணூர் ஆலையிலிருந்து புறப்பட்ட இத்தகைய மொட்டை வண்டிகளைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தற்காலிக இருக்கையில் அமர்ந்தபடி, வெயிலும் தூசியும் முகத்தில் அறைய, 350 கிலோமீட்டருக்கும் அப்பால் நாமக்கல், திருச்செங்கோடு வரை ஓட்டிச் சென்றவர்கள் உண்டு. அங்கேதான் தச்சரும் கொல்லரும் ஓவியரும் கூடி மரத்தாலும் தகட்டாலும் ‘பாடி’ கட்டினர். ஓட்டுநர் அறையின் நெற்றியில் வளைவு வைப்பதா, பலகையில் மயிலை வரைவதா, தாமரையை வரைவதா என்பதெல்லாம் பட்டறையின் முடிவு. ஆகவே லாரியின் தோற்றத்தில் பெரும்பகுதி, அதைக் கட்டிய ஊரைச் சொல்லுமேயன்றிச் செய்த ஆலையைச் சொல்லாது.

அந்தப் பாடியும் நிலைப்பதில்லை. துறைமுகத்தை ஒட்டி ஓடும் வண்டியைக் கடற்காற்று தின்றுவிடும். உப்பும் நிலக்கரியும் காசிமேட்டு மீனும் ஏற்றிய வண்டியின் தளப்பலகை சில ஆண்டுகளில் மக்கிவிடும். எஃப்.சி. காட்டும் பருவந்தோறும் ஒரு பகுதி வெட்டப்பட்டுப் புதுத்தகடு ஒட்டப்படும். இருபது ஆண்டு ஓடிய லாரியில் முதல்நாள் இருந்த மரமும் தகடும் எவ்வளவு மிஞ்சும் என்பது கேள்விக்குரியது. சுவடி பயின்றோர்க்கு இது புதிதன்று. பனையோலை செல்லரித்தால் வேறோலையில் பெயர்த்தெழுதினர். ஓலை போயினும் நூல் நின்றது. பெயர்த்தெழுதியோர் கைப்பிழைகளும் கூடவே நின்றன. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல பிரதிகளை ஒப்புநோக்கியது போலவே, லாரியை ஆராய்பவரும் பிற்சேர்க்கையைக் கழித்து மூலத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அவர் முதலில் கண்ணைப் பாடியிலிருந்து விலக்கிச் சட்டத்தையும், முன் அச்சையும், எஞ்சினின் வார்ப்பையும் நோக்குவார்.

எண்ணூரில் ஆலை தோன்றுமுன்பே வடசென்னை சுமை ஊர்திகளின் நிலமாக இருந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து இரயில் புறப்பட்டது. துறைமுகமும் பண்டகசாலைகளும் வளர்ந்தன. சரக்கு, மாட்டு வண்டியிலும் கைவண்டியிலும் சென்றது. மோட்டார் லாரி வந்தபின்னும் நெடுநாள் இவை போட்டியிட்டன. 1926இல் இந்தியாவில் நிறுவப்பெற்ற ஃபோர்டு நிறுவனம் 1930களில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று ஊர்களிலும் கப்பலில் வந்த பகுதிகளைப் பொருத்தி வண்டிகளை விற்றது. செவர்லே வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் பொருத்தியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்தபோது, வண்டியோடு உலையொன்றைப் பொருத்தி அடுப்புக்கரியை எரித்து, அதன் வாயுவில் எஞ்சினை ஓட்டினர். புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே கிளீனர் எழுந்து உலை மூட்ட வேண்டும். மேட்டில் வண்டி திணறும். அந்த உலைகள் போர் முடிந்ததும் கழற்றி எறியப்பட்டன. ஓர் உலையின் நிழற்படம் கிடைத்தால்கூட ஆர்வலர்கள் அதைப் பெரும்பேறாகக் கொள்கின்றனர்.

போர் முடிந்தபின் ‘டிஸ்போசல்’ என்ற சொல் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் புகுந்தது. இராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்தில் வந்தன. அவற்றுள் விந்தையானவை கனடாவில் செய்யப்பட்டவை. போர்க்காலத்தில் கனடா எட்டு இலட்சத்துக்கும் மிகுதியான இராணுவ ஊர்திகளைச் செய்தது. அவற்றின் ஒரு பகுதி இந்தியாவுக்கும் வந்தது. அவ்வண்டிகளில் ஒருவகைக்கு மூக்கு குட்டை. முன்கண்ணாடி மேற்புறம் வெளியே துருத்தி, கீழ்ப்புறம் உள்ளே ஒடுங்கிச் சாய்ந்திருக்கும். வானூர்தியிலிருந்து பார்ப்பவனுக்குக் கண்ணாடி பளிச்சிடாதிருக்க இந்த ஏற்பாடு. ஃபோர்டும் செவர்லேயும் ஒரே மாதிரி முகத்தோடு இவற்றைச் செய்தன. முகத்தைப் பார்த்துப் பிரிக்கத் தெரியாதவர்களும் ஒலியைக் கேட்டுப் பிரித்தனர். ஃபோர்டினது எட்டு சிலிண்டர்கள் இரு சாரியாக அமைந்த எஞ்சின், செவர்லேயினது ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்ற எஞ்சின். கண்ணை மூடிக்கொண்டு வண்டியின் குலம் சொன்ன மேஸ்திரிகளின் திறமைக்கு அடிப்படை இதுவே.

1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘அசோக்’ என்பது அவருடைய மகனின் பெயர். எண்ணூரில் அமைந்த ஆலையிலிருந்து 1949இல் முதலில் வெளிவந்தது லாரி அன்று. ஆஸ்டின் ஏ-40 கார். 1950இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டபின்பே ஆலையின் போக்கு மாறியது. எண்ணூரில் முதன்முதல் பொருத்தப்பட்ட லேலண்ட் வண்டிகள் நான்கு காமெட் டிப்பர்கள். மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று அவற்றை வாங்கியது. சரண் வானூர்தி விபத்தில் மறைந்தார். 1954இல் ஆண்டுக்கு 1,000 காமெட் வண்டிகளைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்ய அரசு உரிமம் வழங்கியது. 1955இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் என்றாயிற்று. இதே காலத்தில், உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாதோர்க்கு இடமில்லை என்ற அரசின் கொள்கையால், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டு நீங்கின.

‘படிப்படியாக’ என்ற அச்சொல்லில்தான் அடையாளம் காண்போரின் வேலையே அடங்கியுள்ளது. 1950களின் தொடக்கத்து எண்ணூர் லாரி ஒன்றில் எஞ்சின் லங்காஷயரினுடையது, பொருத்திய கை எண்ணூரினுடையது. ஆண்டு செல்லச் செல்ல ஒவ்வோர் உறுப்பாக இந்நாட்டதாக மாறியது. 1959இல் எண்ணூர் ஃபவுண்டரீஸ் நிறுவப்பெற்றது. எஞ்சின் கட்டையை அக்கடற்கரையிலேயே வார்க்க வழி ஏற்பட்டது. 1961இல் எம்.ஆர்.எஃப். திருவொற்றியூரில் டயர் ஆலையைத் தொடங்கியது. பாடியில் வீல்ஸ் இந்தியாவும் லூகாஸ்-டி.வி.எஸ்ஸும் தோன்றின. ஆகவே எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள வார்ப்புக் குறியை ஒருவர் சுரண்டிப் படிக்கும்போது, அந்நாடு எந்த ஆண்டில் எந்த உறுப்பைச் செய்யக் கற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்தே படிக்கிறார். இங்கிலாந்து வார்ப்பும் எண்ணூர் வார்ப்பும் ஒரே வண்டியில் கலந்திருப்பதைக் கண்டு அதைக் ‘கலப்பு வண்டி’ என்று ஒதுக்கும் தூய்மைவாதிகளும் இருக்கின்றனர். அவ்வொதுக்கல் பொருத்தமன்று. அக்கலப்பே அவ்வண்டியின் பிறப்புச் சான்று.

காமெட் என்ற பெயரைப் பற்றி இங்கே சிறிது கூற வேண்டும். வால்மீன் என்று பொருள்படும் அப்பெயரை, போருக்குப் பின் ஏற்றுமதியை எண்ணிச் செய்த லாரிக்கு லேலண்ட் இட்டது. முதற்காலக் காமெட்டுக்கு நீண்ட மூக்கு உண்டு. பின்னர் மூக்கில்லாத தட்டை முகக் காமெட் வந்தது, எஞ்சின் மாறியது, சட்டம் நீண்டது, பெயர் மட்டும் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது. சங்கப் பாடல் பாடிய அவ்வையாரும் ஆத்திசூடி பாடிய அவ்வையாரும் ஒருவரல்லர் என்று அறிஞர் காட்டுவர். ஆயினும் மக்கள் வாயில் அவ்வை ஒருத்தியே. ‘அப்பா ஓட்டியது காமெட்’ என்று ஒருவர் சொன்னால், அது எந்தக் காமெட் என்று கேட்காமல் காலம் கணிக்க இயலாது. 350, 370, 400 என்று எஞ்சின்களுக்கு வழங்கிய எண்கள் இவ்விடத்தில் உதவும். அவை கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவைக் குறிப்பவை, ஏறத்தாழ எண் கூடக் கூடக் காலமும் பின்னதாகும். லங்காஷயர்க்காரர்கள் தங்கள் வண்டிகளுக்கு விலங்குப் பெயர் சூட்டும் வழக்கம் உடையவர்கள். ‘ஹிப்போ’ என்ற நீர்யானை அவ்வழியில் எண்ணூருக்கும் வந்து இராணுவச் சேவை புரிந்தது. பின்னாளில் எண்ணூர் தானாகவே ‘டஸ்கர்’ என்று பெயரிட்டது. கொம்பன் யானை என்பது அதன் பொருள். நீர்யானையைக் காட்டிலும் அது இம்மண்ணுக்கு நெருங்கிய பெயர்.

வடசென்னைச் சாலையில் எண்ணூர் வண்டி மட்டும் ஓடவில்லை. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டாவும் ஜெர்மானிய டைம்லர்-பென்ஸும் சேர்ந்து செய்யத் தொடங்கிய லாரியின் முகப்பில் மூன்று முனை விண்மீன் இருந்தது. 1969இல் கூட்டு முடிந்ததும் விண்மீன் போய் ‘டி’ எழுத்து வந்தது. வண்டியின் மூக்கு மாறவில்லை; ஆகவே விண்மீனா எழுத்தா என்பதே காலக்குறி. ஆனால் விண்மீன் மீது ஆசை கொண்டோர் அதைப் பின்னால் வாங்கி ஒட்டியதும் உண்டு; ஆணி அடித்த துளைகளைப் பார்த்தே உண்மை அறிய வேண்டும். ஓட்டுநர்களோ இவ்வாராய்ச்சி எதுவுமின்றி ‘டாட்டா பென்ஸ்’ என்றே நெடுங்காலம் சொல்லி வந்தனர். பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்த டாட்ஜ், ஃபார்கோ, டி சோட்டோ ஆகிய மூன்றின் கதை இன்னும் வேடிக்கையானது. மூன்றும் ஒரே லாரி. விற்கும் முகவருக்கேற்பப் பெயர்ப்பட்டை மட்டும் வேறு. அடுத்தடுத்து நின்ற ஃபார்கோ உரிமையாளரும் டாட்ஜ் உரிமையாளரும் தத்தம் வண்டியே உயர்ந்தது என வாதிட்ட காட்சியை எண்ணிப் பார்க்கலாம்.

பெயர்ப்பட்டையை நம்பக்கூடாதெனில் எஞ்சினை நம்பலாமோ? அதுவும் ஐயத்துக்குரியதே. 1950களில் சென்னை அண்ணாசாலையின் சிம்ப்சன் நிறுவனம் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை உரிமம் பெற்றுச் செய்தது. ஆறு சிலிண்டர் கொண்ட பி-6 என்ற அவ்வெஞ்சினைப் பழைய பெட்ரோல் லாரிகளில் ஏற்றும் வழக்கம் பரவியது. பெட்ரோல் விலையும் டீசல் விலையும் இதற்குக் காரணம். இதனால் கனடாவில் பிறந்த போர் வண்டி ஒன்று சென்னையின் எஞ்சினோடும் திருச்செங்கோட்டு உடலோடும் துறைமுகச் சாலையில் ஓட முடிந்தது. அதை என்ன பெயரிட்டு அழைப்பது? கூர்ந்து ஆராய்வோர் சேஸிஸ் எண்ணைக் கொண்டே பெயரிடுவர். எஞ்சினையும் உடலையும் தனித்தனியே, மாறிய காலத்தோடு, குறித்து வைப்பர். இது சரியான முறை. மாறுதல் எதையும் கறையாகக் கருதி மறைக்காமல், அதையும் ஓர் அடுக்காகப் பதிவு செய்கிறது.

பதிவெண்ணும் பயன்படும். ‘எம்’ எழுத்தில் தொடங்கும் எண் சென்னை மாநிலம் இருந்த காலத்தது. 1969இல் தமிழ்நாடு என்ற பெயர் வந்தபின், தொடர்ந்த ஆண்டுகளில் ‘டி’ எழுத்தில் தொடங்குவன வந்தன. 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டத்தோடு ‘டி.என்.’ என்றும் வட்டார எண் என்றும் அமைந்த முறை தொடங்கியது, தண்டையார்பேட்டைக்கு 03. இடையில் வேறு மாநிலத்துக்கு விற்கப்பட்டு மீண்ட வண்டியானால் பழைய எழுத்து மறைந்துபோகும். அப்போது ஆர்.சி. புத்தகமே துணை. அதில் உரிமையாளர் வரிசை இருக்கும். கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். லாரி வாங்கியோர் பெரும்பாலோர் கடனில் வாங்கியவரே. வண்டி அவர்களுடையதாகத் தோன்றினும் ஒற்றியில் இருந்தது. ஒற்றியூர் என்னும் பெயரில் அடமானப் பொருளைக் கண்டு தேவார ஆசிரியர்கள் நயம்பட விளையாடியதை அறிந்தோர்க்கு, அவ்வூர்ச் சாலையில் நின்ற லாரிகள் அனைத்தும் ஒற்றி வண்டிகளாக இருந்தது புன்முறுவல் தரும். தவணை கட்ட முடியாதபோது வண்டி இழுத்துச் செல்லப்பட்ட வீடுகளில் அது புன்முறுவலுக்குரியதாக இருந்திருக்காது. புத்தகத்தில் ஓர் உரிமையாளர் பெயர் ஓராண்டிலேயே அடிக்கப்பட்டு மற்றொன்று எழுதப்பட்டிருந்தால், அவ்விரு வரிகளுக்கிடையே ஒரு குடும்பத்தின் கதை இருக்கக்கூடும்.

அண்டை ஆலையொன்றின் நிலை முற்றிலும் வேறு. 1955 முதல் திருவொற்றியூரில் செய்யப்பட்ட என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளுக்கு இன்று உலகெங்கும் அன்பர்கள் உள்ளனர். பழைய வண்டியைத் தேடி வாங்கித் துடைத்து வைக்கின்றனர். அது ஒருவர் வீட்டுத் திண்ணையில் நிற்கக்கூடிய பொருள். ஏழு டன் ஏற்றும் லாரியை எந்தத் திண்ணையில் நிறுத்துவது? இங்கிலாந்தில் 1958இலேயே பழைய சுமை ஊர்திகளுக்கென்று சங்கம் தோன்றியது. லேலண்ட் நகரில் 1983இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அந்நாட்டில் லேலண்ட் என்ற பெயரை முகப்பில் தாங்கிய புதிய லாரி இன்று வெளிவருவதில்லை. அந்நகரத்து ஆலை வேறு பெயரில் வண்டிகளைச் செய்கிறது. பெயர் எண்ணூரில் வாழ்கிறது, பழைய வண்டிகள் அங்கே வாழ்கின்றன. ஆயிரக்கணக்கில் ஓடிய மூக்குக் காமெட்டை இங்கே காண்பதற்கரிதாக ஆக்கியது அதன் எண்ணிக்கையே. எங்கும் நின்ற வண்டியை எடுத்து வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இப்போது சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2021 ஜூலையில் மைய அரசு பழம்பெரும் ஊர்திகளுக்கென்று தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அப்பெருமை உண்டு. ஆனால் இருசக்கர வண்டிகளும் மக்கள் செல்லும் கார் வகையுமே அவ்வரையறையுள் அடங்கும். சொந்தப் பயன்பாட்டுக்குரியதாகவும் இருக்க வேண்டும். சரக்கு ஊர்தி அதில் இல்லை. சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாறுதல் செய்திருக்கலாகாது என்ற கட்டுப்பாடும் உண்டு. சரக்கு ஊர்தியை நாளை சேர்த்துக்கொண்டாலும் இக்கட்டுப்பாட்டின்முன் நாமக்கல்லில் உடல் மாற்றிய எந்த லாரி நிற்கும்? கொட்டகையில் துணி போர்த்தி வைத்த காரை அளக்கச் செய்த கோல் இது. உழைத்துத் தேய்ந்து, தேய்ந்த இடத்தில் ஒட்டுப்போட்டு, மறுபடியும் உழைத்த ஊர்திக்கு மாறாமை இலக்கணமாகாது. மாறிய அடுக்குகள் தெளிவாகக் கண்டறியப்பட்டுள்ளனவா என்று கேட்பதே அதற்குரிய சோதனை. அச்சோதனைக்கு வேண்டிய அறிவு, சான்றிதழ் வழங்குவோரிடத்தில் இல்லை. சட்டத்தைச் சுரண்டி எண் படிக்கத் தெரிந்தவரிடத்தில் இருக்கிறது. அவர்கள் முதுமையடைந்து வருகின்றனர்.

2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு ஊர்திகளின் பதிவு நீக்கப்படும் முறையும் வந்தது. மாநகராட்சிக் கொட்டடிகளிலும் அரசு அலுவலக வளாகங்களிலும் மரத்தடியில் நின்ற பழைய வண்டிகளே ஆர்வலர்களுக்குக் கடைசிப் புதையல்கள்; அவை கழிவதற்கு வழி எளிதாயிற்று. நச்சுப்புகையும் விபத்தும் குறைய வேண்டும் என்ற நோக்கத்தை எவரும் மறுக்க இயலாது. எண்ணூர்க் காற்றை மூச்சிழுத்து வாழ்வோர் முதலில் மறுக்க மாட்டார்கள். ஓட அனுமதிப்பது ஒன்று, உருக்காமல் ஒன்றிரண்டை நிறுத்தி வைப்பது வேறொன்று. விதிகள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையங்களுக்கு 2021 செப்டம்பரில் வகுக்கப்பட்ட விதிகளில் ஒரு சிறு கூறு உண்டு. வண்டியை உடைக்கும்போது சேஸிஸ் எண் பொறித்த இரும்புத் துண்டைத் தனியே வெட்டியெடுத்து, உடைப்புச் சான்றிதழ் தந்த நாளிலிருந்து ஆறு மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது அது. திருட்டு வண்டிகளைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. அந்த ஆறு மாதத்துக்குள் ஒருவர் மெல்லிய தாளும் பென்சிலும் கொண்டு சென்று கேட்டால், ஒரு நிமிட வேலைதான்.